மணலியில் சொந்த வீடு, ஏழு வயது மகளுக்கு இழுப்பு: இருப்பதா, கிளம்புவதா?

தேரடிவீதி | ஜனவரி 18, இரவு 11.20

மகள் இப்போதுதான் தூங்கினாள். ஒன்பதரை மணிக்கு அந்த வாடை வந்தது. பத்து மணிக்கு இருமத் தொடங்கினாள். நெபுலைசர் வைத்து, என் தோளில் சாய்த்து உட்கார வைத்து, மூச்சு சீராக ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இந்த மாதத்தில் இது ஐந்தாவது முறை.

நாங்கள் வட சென்னையில், ஆலைகள் நிறைந்த மணலியில் இருக்கிறோம். மாமனார் வேலையில் இருந்தபோது கட்டிய வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கறுப்புப் பொடி படிந்திருப்பதைப் பார்த்து, யாரோ பக்கத்தில் கரி அடுப்பு மூட்டுகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது துணியை வீட்டுக்குள் கொடி கட்டித்தான் காயப்போடுகிறோம். கேஸ் வாடை என்று தெருவில் எல்லோரும் சொல்வது சில நாள் அழுகிய முட்டை மாதிரி இருக்கும், சில நாள் சமையல் கேஸ் கசிந்த மாதிரி இருக்கும். பெரும்பாலும் இரவில்தான்.

எனக்கு என்ன குழப்பம் என்றால், வாடை அடிக்கும் அதே நேரத்தில் போனில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கிறேன். 'சென்னை 84, திருப்திகரம்' என்று பச்சையில் காட்டுகிறது. கணவர் அதைப் பார்த்துவிட்டு, "காத்துல ஒண்ணும் இல்லைன்னு கவர்மென்டே சொல்லுதே" என்கிறார். மாமியார், "நாங்க இங்க பிள்ளைங்களை வளர்க்கலையா" என்கிறார். மகளைப் பார்த்த மருத்துவர் ஒருவர் வயது ஏறினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீடு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா? போனால் உண்மையிலேயே குறையுமா? இங்கேயே இருப்பவர்களும் கிளம்பிப் போனவர்களும் சொல்லுங்கள்.

கத்திவாக்கம்72 | ஜனவரி 18, இரவு 11.52

இன்றைக்கு எங்கள் பக்கமும் வாடை இருந்தது. பத்து மணி இருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தோம். உங்கள் மகள் இப்போது நன்றாகத் தூங்குகிறாளா?

அளவைக்காரர் | ஜனவரி 19, காலை 6.35

அம்மா, காற்று அளக்கும் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் 19 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் போன் காட்டியது தவறான எண் இல்லை. ஆனால் அது உங்கள் தெருவின் எண் கிடையாது. கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில், 'சென்னை 84' என்பது ஊர் முழுமைக்கும் சேர்த்த சராசரி. ஆலந்தூர், வேளச்சேரி, அரும்பாக்கம், பெருங்குடி, ராயபுரம், கொடுங்கையூர், மணலி என்று பல இடங்களில் கருவிகள் இருக்கின்றன. வேளச்சேரியில் கடற்காற்று நன்றாக அடித்தால் மணலிக்காரர்கள் பார்க்கும் எண்ணும் இறங்கிவிடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் 'மணலி', 'மணலி கிராமம்' என்று தனித்தனியாகப் பார்க்கலாம். இனிமேல் அதை மட்டும் பாருங்கள்.

அடுத்தது, எனக்குப் பல வருடமாக உறுத்தும் விஷயம். 2015 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய இந்தக் காற்றுத் தரக் குறியீட்டில் எட்டுப் பொருள்கள்தான் கணக்கில் வரும். பிஎம் 10, பிஎம் 2.5 என்ற இரண்டு அளவு நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அமோனியா, ஈயம். நீங்கள் சொல்லும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கும். சமையல் கேஸ் வாடை மெர்காப்டன் வகை. இரண்டுமே அந்த எட்டில் இல்லை. பென்சீனும் இல்லை. பென்சீனுக்கு 2009 தேசியத் தரநிலையில் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள், ஆனால் போனில் வரும் எண்ணுக்குள் அது நுழையாது. ஆக, நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனைப் பார்க்கும்போது, எதற்காக மூக்கைப் பொத்தினீர்களோ அது அந்த எண்ணில் சேர்ந்திருக்கவே வாய்ப்பில்லை.

நேரக் கணக்கையும் பாருங்கள். துகளுக்கும் சல்ஃபர் டை ஆக்சைடுக்கும் 24 மணி நேரச் சராசரி எடுக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் கடுமையாக வந்துபோன வாயு மீதி இருபத்திரண்டரை மணி நேரத்தோடு கலந்து கரைந்துவிடும். ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு சல்ஃபர் டை ஆக்சைடு சில நிமிடத்திலேயே மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 10 நிமிடத்துக்கு 500 மைக்ரோகிராம் என்று தனி வரம்பு வைத்திருக்கிறது. நம் தரநிலையில் 24 மணி நேரத்துக்கு 80, ஆண்டுக்கு 50. அதைவிடக் குறைந்த நேரத்துக்கு வரம்பே இல்லை.

'திருப்திகரம்' என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். பிஎம் 2.5 ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் நம் ஊரில் அது திருப்திகரம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் திருத்திய வழிகாட்டலில் ஒரு நாளுக்கு 15தான். ஆண்டுச் சராசரி நமக்கு 40, அவர்களுக்கு 5.

இரவில் ஏன் அதிகம் என்றால், தை மாதத்தில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடிபோட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பகலில் மேலே ஏறிக் கலைந்துபோகும் புகை இரவில் அந்த மூடிக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. கடற்காற்றும் நின்றுபோயிருக்கும்.

வேளச்சேரிவாசி | ஜனவரி 19, காலை 9.10

சகோதரி, மகள் சீக்கிரம் குணமாக வேண்டும். ஒரு மாற்றுக் கருத்தையும் வைக்கிறேன். நாங்கள் இருப்பது நூறடிச் சாலை ஓரம். என் பையனுக்கும் இழுப்பு இருக்கிறது. இங்கே ஆலை எதுவும் கிடையாது. வண்டிப் புகை, மெட்ரோ வேலை, சாலைப் புழுதி. போகிக்குப் பழைய டயரைக் கொளுத்துகிறார்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டது நினைவிருக்கும். அதனால் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே வந்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சென்னை முழுவதுமே இப்படித்தான்.

கொசஸ்தலை | ஜனவரி 19, காலை 10.02

சென்னை முழுவதும் இப்படித்தான் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அண்ணா. உங்கள் சாலையில் ஓடும் வண்டி எங்கள் சாலையிலும் ஓடுகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டு வரிசையில் நிற்கும். அதற்கு மேல்தான் எங்களுக்கு மற்றதெல்லாம். 1969ல் ஓடத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அப்புறம் உர ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள், வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள், நிலக்கரி இறக்கும் துறைமுகம். 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70க்கு மேல் போனால் மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி. மணலிக்கு 76.32. இது நாங்கள் கோபத்தில் சொல்லும் எண் இல்லை, வாரியமே போட்டது.

நான் காட்டுக்குப்பத்துப் பக்கம். என் அப்பா இறால் பிடித்த கொசஸ்தலை ஆற்றில் இன்றைக்குக் கால் வைத்தால் கணுக்கால் வரை சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பலைச் சாம்பல் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய் எத்தனை முறை உடைந்தது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். வெயில் காலத்தில் ஆற்றோரச் சாம்பல் காய்ந்து பறக்கும். சோற்றுத் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு சாப்பிட்ட வீடுகள் இருக்கின்றன.

2023 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்தது. அந்த எண்ணெயை வாரிக்கொண்டிருக்கும்போதே, 26ஆம் தேதி நள்ளிரவுக்குப் பக்கத்தில், கடலுக்கடியில் உர ஆலைக்கு வரும் அமோனியாக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்தில் ஜனம் தூக்கத்திலிருந்து எழுந்து, கண்ணைத் திறக்க முடியாமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அன்றிரவு ஆலை வாசலருகே அளந்தபோது காற்றில் அமோனியா 2,090 மைக்ரோகிராம் இருந்தது. வரம்பு 400. ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அப்போது யாரும் போனைப் பார்த்து ஓடவில்லை. மூக்குதான் சொன்னது.

மூன்றாம்ஷிப்ட் | ஜனவரி 19, பிற்பகல் 3.40

நான் ஒப்பந்தத் தொழிலாளி. பன்னிரண்டு வருடமாக இந்த ஆலைகளுக்குள் மாறி மாறி வேலை செய்கிறேன். இழையைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆலையை மூடச் சொல்லும் ஆட்களோடு நான் நிற்க மாட்டேன். என் வீட்டில் அடுப்பு எரிவது இதில்தான். என் தங்கை நர்சிங் படித்ததும் இதில்தான். ஆனால் தேரடிவீதி அக்கா எழுதியதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. உள்ளே எங்களுக்கு எச்சரிக்கை மணி இருக்கிறது, கையில் கேஸ் டிடெக்டர் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு ஓர் அளவைத் தாண்டினால் அது கத்தும், நாங்கள் காற்றின் திசையைப் பார்த்து, வாயு அடித்து வராத பக்கமாக, காற்று வரும் பக்கம் விலகிப் போய்விடுவோம். அதற்காகவே உயரத்தில் காற்றுத் துணி கட்டி வைத்திருப்பார்கள். சுவருக்கு வெளியே இருக்கும் வீட்டில் தூங்குகிற பிள்ளைக்கு இதில் எதுவுமே இல்லை. அங்கேயும் ஒரு கருவியை வைத்து, எண்ணைத் தெருமுனையில் பலகையில் காட்டினால் ஆலை ஒன்றும் மூடிவிடப் போவதில்லை. இதை ஒருமுறை உள்ளே கேட்டேன். பதில் வரவில்லை.

வார்டு_அக்கா | ஜனவரி 19, இரவு 8.15

தேரடிவீதி, தங்கச்சி, நான் நுரையீரல் வார்டில் 26 வருடம் நர்ஸாக இருந்தவள். மருத்துவர் இல்லை, அதனால் மருந்தின் அளவைச் சொல்ல மாட்டேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மாதத்துக்கு ஐந்து முறை நெபுலைசர் என்றால் இழுப்பு கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். நெபுலைசர் அந்த நேரத்து இறுக்கத்தைத் தளர்த்தும். மூச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே கிடக்கும். அந்த வீக்கத்தைக் குறைக்கத் தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலர் தனியாக உண்டு. பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்ற குடுவையோடு கொடுப்பார்கள். 'இன்ஹேலர் பழகிடும்', 'ஸ்டீராய்டு வேண்டாம்' என்று நம் வீடுகளில் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். இருமல் நின்ற மறுவாரமே நிறுத்திவிட்டு, அடுத்த பனிக்காலத்தில் நீல உதட்டோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். எத்தனை பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. நுரையீரல் பரிசோதனை செய்யக்கூடிய இடத்தில் காட்டுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், எங்கள் வீடு மணலியில், ஆலைக்கு இவ்வளவு தூரத்தில் என்று.

இதைச் சொல்லும்போது 'எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா' என்ற லண்டன் குழந்தை ஞாபகம் வருகிறாள். ஒன்பது வயது. வாகன நெரிசல் மிகுந்த சாலைக்குப் பக்கத்தில் வீடு. மூன்று வருடத்தில் ஏறத்தாழ முப்பது முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, 2013ல் இறந்துபோனாள். அவளுடைய அம்மா விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவள் இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். அந்தத் தாய்க்குக் காற்றைப் பற்றி யாருமே சொல்லவில்லை என்பதையும், சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே எழுதினார். அதைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் எத்தனையோ தாய்மாரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

கிளம்பிப் போனால் குறையுமா என்று கேட்டீர்கள். தெற்கு கலிஃபோர்னியாவில் 1990களில் தொடங்கி ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மாசு அதிகமுள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நுரையீரல் வளர்ச்சி குறைந்திருந்தது. நடுவில் துகள் குறைவான ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு வளர்ச்சி வேகம் கூடியது. அதே ஊர்களில், பிற்காலத்தில் காற்று சுத்தமானபோது வளர்ந்த தலைமுறைக்கும் நுரையீரல் நன்றாக வளர்ந்தது. ஏழு வயது நுரையீரல் இன்னும் பத்து வருடத்துக்கு மேல் வளரப்போவது, தங்கச்சி. காலம் கடந்துவிடவில்லை.

உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். எல்லாப் பிள்ளைக்கும் இழுப்பு வராது. வந்த பிள்ளைக்குத்தான் இந்தக் காற்று ஆகாது.

வீட்டுக்குள் ஒன்று உண்டு. கொசுவர்த்தி ஏற்றுகிறீர்களா? ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதை ஏற்றினால் வெளியே இருப்பதைவிட உள்ளேதான் மோசம். வலை கட்டுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி அவள் தூங்கும் அறையில் வேண்டாம்.

தேரடிவீதி | ஜனவரி 19, இரவு 10.30

அக்கா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். கொசுவர்த்தி தினமும் ஏற்றுகிறோம். கட்டிலுக்கு அடியிலேயே. இன்றைக்கு எடுத்து வெளியே போட்டுவிட்டேன். தினமும் எடுக்கிற இன்ஹேலரும் போன வருடம் எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் சொன்ன மாதிரியேதான், நாங்களே நிறுத்தினோம்.

மூன்றாம்ஷிப்ட் தம்பி, மாமனாரும் உங்களைப் போல உள்ளே இருந்தவர்தான். கடைசி நான்கு வருடம் ஆக்சிஜன் சிலிண்டரோடு இருந்தார். பீடி குடிப்பார், அதனால்தான் என்று எல்லோரும் சொன்னோம். எதனால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்.

வீட்டை விற்பது பற்றி ஒரு தரகரிடம் கேட்டோம். அவர் சொன்ன விலைக்கு வேறு எங்கேயும் இரண்டு அறை வீடு கிடைக்காது. எங்கள் தெருவில் விற்றவர்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

முகமூடியும் காற்றுச் சுத்திகரிப்பானும் உதவுமா?

அளவைக்காரர் | ஜனவரி 20, காலை 6.20

என்95 முகமூடி துகளை நன்றாகத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. சுத்திகரிப்பானில் ஹெப்பா வடிகட்டியும் அப்படித்தான். கரி வடிகட்டி கொஞ்சம் வாயுவை இழுக்கும், சீக்கிரம் தீர்ந்துபோகும். கடனை வாங்கி அதை வாங்காதீர்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்புற அறையில் மகளைப் படுக்க வையுங்கள். காசு செலவில்லாதது.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வாடை வந்த நேரம், போன நேரம், எந்த மாதிரி வாடை, காற்று எந்தத் திசை, மகளுக்கு இருமல் உண்டா, மருந்து கொடுத்தீர்களா. 'அடிக்கடி வாடை வருகிறது' என்று எழுதிய மனுவை எந்த அதிகாரியும் மடித்து வைத்துவிடலாம். 'ஜனவரி 18, இரவு 9.30 முதல் 11 வரை' என்று இருந்தால், அந்த நேரத்தில் எந்தப் புகைபோக்கியில் என்ன போனது என்று பார்த்தே ஆக வேண்டும். பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் தொடர்ச்சியாக அளக்கும் கருவிகள் இருக்கின்றன, எண்கள் நேரடியாக வாரியத்துக்குப் போகின்றன.

அனல்மின் நிலையங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கந்தகத்தைக் கழுவி எடுக்கும் கருவி பொருத்த வேண்டும் என்ற அளவுக்குக் கடுமையான புகை வரம்பை 2015 டிசம்பரில் அறிவித்து, இரண்டு வருடம் அவகாசம் கொடுத்தார்கள். தேதி தள்ளித் தள்ளிப் போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 கடைசி வரை கெடு. இந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது என்ன வயது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

முத்துநகர் | ஜனவரி 20, காலை 11.45

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். 2019ல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தபோது முதல் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது எங்கள் ஊர் மட்டும். சென்னை, மதுரை, திருச்சியெல்லாம் பிறகு சேர்ந்தன. நோட்டுப் போடும் யோசனை நல்லது. ஒரு வீடு மட்டும் போட வேண்டாம், பத்து வீடு போடுங்கள்.

வேளச்சேரிவாசி | ஜனவரி 20, பிற்பகல் 1.05

கொசஸ்தலை தம்பி, நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கக்கூடாது. அந்த 76.32 எனக்குத் தெரியாது. சகோதரி, உங்கள் நோட்டைத் தட்டச்சு செய்து, வாரியத்தின் மணலிக் கருவி காட்டிய எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டுத் தருகிறேன். அந்த வேலை எனக்குத் தெரியும்.

தேரடிவீதி | பிப்ரவரி 16, இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. இருபத்தேழு நாள் நோட்டு முடிந்தது.

வாடை வந்த இரவுகள் ஒன்பது. அதில் ஆறு இரவு மகளுக்கு இருமல் வந்தது. வாடை இல்லாத பதினெட்டு இரவுகளில் இரண்டு முறைதான் இருமினாள். இன்ஹேலர் மறுபடி தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நெபுலைசர் இந்த மாதம் ஒரே ஒரு முறை. பின்னறைக்கு மாற்றிவிட்டோம். கொசுவலை கட்டியாகிவிட்டது. நடுவில் நான்கு நாள் திருத்தணியில் என் அம்மா வீட்டில் இருந்தோம், அங்கே இருமவே இல்லை. இதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்று அளவைக்காரர் ஐயா தனிச் செய்தியில் சொன்னார். சரிதான். ஆனால் என் கணவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து இரவு வாடை வந்தால் அவரே எழுந்து நேரம் எழுதுகிறார்.

இப்போதைக்கு வீட்டை விற்கவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் மே மாதம் முழுக்க அம்மா வீடு. அதற்குள் வாடகைக்கு ஒன்று பார்க்கலாம் என்று முதன்முறையாக மாமியாரே சொன்னார்.

எங்கள் தெருவில் பதினோரு வீட்டில் நோட்டுப் போடுகிறார்கள். அதில் நான்கு வீட்டில் இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். வேளச்சேரி அண்ணன் அட்டவணை அனுப்பிவிட்டார். வாடை வந்த ஒன்பது நாளில் ஏழு நாள் குறியீடு 'திருப்திகரம்' என்றுதான் காட்டியிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் எல்லோரும் சேர்ந்து கொடுக்கப் போகிறோம். சுவருக்கு வெளியே ஒரு கருவி, தெருமுனையில் ஒரு பலகை. மூன்றாம்ஷிப்ட் தம்பி சொன்னதைத்தான் மனுவில் முதல் கோரிக்கையாக எழுதியிருக்கிறோம்.

வார்டு_அக்கா | பிப்ரவரி 16, இரவு 10.05

மருந்தை மட்டும் இடையில் நிறுத்திவிடாதே, தங்கச்சி. நல்லா இருக்கும்போதுதான் எல்லோரும் நிறுத்துவார்கள்.

கத்திவாக்கம்72 | பிப்ரவரி 17, காலை 6.10

நானும் நோட்டுப் போட்டுவிட்டேன். முதல் பதிவு: நேற்று இரவு 1.15 முதல் 2.50 வரை, சமையல் கேஸ் மாதிரி வாடை, காற்று மேற்கிலிருந்து. பக்கத்து வீட்டுப் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.